பகல் தூக்கம் பார்க்கப் போனேன்

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் பையனின் சம்பளத்தைப் பார்ப்பார்கள், பழக்கவழக்கத்தைப் பார்ப்பார்கள், கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைகள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். என்னை அனுப்பிய பெண் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்துவரச் சொன்னாள். “அண்ணி, அந்த வீட்டுல என்னைப் பகல்ல தூங்க விடுவாங்களான்னு மட்டும் பாத்துட்டு வாங்க” என்றாள்.

பெண் என் நாத்தனார் விமலா. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. இதுவரை மூன்று வீட்டார் வந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, “ராத்திரி வேலைக்கா போறா?” என்று கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவதாகத் தங்கவயலிலிருந்து கடிதம் வந்தது. என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முனுசாமி என்பவர் அங்கே சுரங்கத்தில் வேலை செய்கிறார். வருஷக்கணக்காகக் கடிதத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த உறவு. அவருடைய மூத்த மகன் மாணிக்கத்துக்கு விமலாவைக் கேட்டிருந்தார்கள். நைட் டூட்டியைப் பற்றி நாங்கள் எழுதியதற்கு, இங்கே யாருக்குத்தான் நைட் டூட்டி இல்லை, இங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பதில் வந்தது.

விமலா ஏன் நகை, புடவையை எல்லாம் விட்டுவிட்டுத் தூக்கத்தைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். குற்றவாளிகளில் முதல் ஆள் நான்தான். வில்லிவாக்கத்தில் எங்கள் வீடு ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. காலை எட்டரைக்கு அவள் டூட்டி முடிந்து வந்து படுப்பாள். ஒன்பது மணிக்கு அவள் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நான் மாவாட்ட உட்காருவேன். பத்து மணிக்குக் கீரைக்காரி. பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டம்மாள் வம்பு பேச வருவாள். அவளுக்குக் காது மந்தம். பன்னிரண்டு மணிக்கு நானே போய், சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள் என்று அன்பாக அவளை எழுப்புவேன். வயசுப் பெண் பட்டப்பகலில் படுத்துக் கிடப்பது வீட்டுக்கு நல்லதில்லை என்று என் மாமியார் நாளுக்கு ஒரு தடவை சொல்லிவிடுவார், அதையும் அறை வாசலில் நின்று சொல்வார்.

என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. பத்து வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக, இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு நான் தனியாகக் கிளம்பினேன். லேடீஸ் கம்பார்ட்மென்டில் உட்கார்ந்ததும் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, ஒருவருக்கும் ஒரு பிடி கொடுக்காமல் முழுவதையும் நானே தின்றேன். அந்த ருசியை இப்போது நினைத்தாலும் நாக்கில் ஊறுகிறது.

தங்கவயலுக்குள் போகும் ரயில் நம் டவுன் பஸ்ஸைப்போல அடிக்கு ஒரு தடவை நிற்கிறது. நான் இறங்க வேண்டியது சாம்பியன் ரீப்ஸ். அதற்கு முந்தின ஸ்டேஷனில், சாப்பாட்டுத் தூக்கும் கையுமாக ஒரு கூட்டம் இறங்கியது. கதவோரம் நின்ற என்னையும் சேர்த்து இறக்கிவிட்டுப் போய்விட்டது. பெட்டியோடு பிளாட்பாரத்தில் நின்றபோது ரயில் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் அருகில் வந்து, “இன்னாம்மா, அவசரப்பட்டு எறங்கிட்டியா? ஏறு, இட்டுகினு போறேன்” என்றார். வண்டியில் ஏறியதும் நான் தங்கத்தைத் தேடினேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் சாம்பல் நிறத்தில் மொட்டை மேடுகள்தான் தெரிந்தன. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், சயனைட் மேடு என்று பெயர். காற்று கிளம்பினால் ஊர் முழுக்க அந்தத் தூசிதானாம். தங்கம் சர்க்காருக்கு, தூசி எங்களுக்கு என்றார் வண்டிக்காரர். காற்று மட்டும் நம் ஊர்க் காற்று இல்லை. பகல் பத்து மணிக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிவந்தவர், ஒரு திருப்பத்தில் சட்டென்று பேச்சை நிறுத்தினார். வண்டியை விட்டிறங்கி, குதிரையின் கழுத்து மணியைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். இரண்டு பக்கமும் நீள நீளமாக வரிசை வீடுகள், லைன் என்கிறார்கள். எல்லாம் ஒரே அச்சு, கதவில் எண் மட்டும் வேறு. குழந்தைகள் விளையாடினார்கள், பெண்கள் குழாயடியில் நின்றார்கள். ஆனால் சத்தம் மட்டும் இல்லை. குழாயடிச் சண்டை இல்லாத குழாயடியை நான் அன்றுதான் பார்த்தேன்.

முனுசாமியின் மனைவி மங்கம்மா வாசலில் நின்றார். நான் பெரியம்மா என்று கூப்பிட வேண்டிய முறை. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான தேகம், கண்ணுக்குக் கீழே கருவளையம். என்னைப் பார்த்து முகம் முழுக்கச் சிரித்தார், ஆனால் வாங்க என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. உதட்டில் விரலை வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அவர் பார்வை என் கண்ணாடி வளையல்களில் பட்டுத் திரும்பியது. அவர் கையில் இருந்தவை ரப்பர் வளையல்கள். எனக்குச் சுருக்கென்றது. வந்ததும் வராததுமாக நகைக் கணக்கா என்று நினைத்தேன்.

முன்னறையில் ஒரு கட்டில். அதில் தலையிலிருந்து கணுக்கால் வரை புதுப் பூப்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும். புதுப் போர்வை, நடுக்கூடத்துக் கட்டில், வேறு யாராக இருக்க முடியும்? மாப்பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டேன். சமையலறையிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் நல்ல பித்தவெடிப்பு. குறட்டையும் உண்டு.

மங்கம்மா என் காதோடு காதாக வீட்டு நிலவரத்தைச் சொன்னார். பெரியப்பாவுக்கு இந்த வாரம் ரெண்டாம் ஷிப்ட், ஒரு மணிக்குக் கிளம்புவார். பிள்ளைகளில் ஒருத்தர் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறார். இன்னொருத்தர் முதல் ஷிப்டுக்குப் போனவர், மாற்று ஆள் லீவில் இருப்பதால் அதையே டபுள் ஷிப்டாகப் பார்க்கிறார், வர நேரமாகும். மாட்டிக்கொண்டது தம்பிக்காரன் சேகராக்கும் என்று நானே சேர்த்துக்கொண்டேன். பெண் வீட்டிலிருந்து வந்தவள், கட்டிலைக் காட்டி இவர்தான் அவரா என்று எப்படிக் கேட்பது?

அந்த வீட்டில் தாளிக்கிறபோது வாணலிக்கு மூடி போட்டுவிடுகிறார்கள். கடுகு உள்ளேயே வெடித்து உள்ளேயே அடங்கிவிடுகிறது. தட்டு, டம்ளர் எல்லாம் துணி விரித்த பலகையில். ரப்பர் வளையலின் ரகசியமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரியப்பாவும் நானும் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் மென்றுகொண்டே இருந்ததைப் பார்த்துப் பெரியப்பா தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

கை கழுவுகிறேன், காலுக்குக் கீழே தரை ஒரு குலுக்குக் குலுங்கியது. பாத்திரமெல்லாம் ஆடியது. பூமி அதிர்ச்சி என்று நான் போட்ட கூச்சல் பக்கத்து லைனுக்கும் கேட்டிருக்கும். மங்கம்மா ஒரு கையால் டம்ளர்களைப் பிடித்தபடி வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். தூரத்தில் சுரங்கத்து வாய்மேல், ஷாப்ட் என்கிறார்களே அதன் உச்சியில், ஒரு பெரிய சக்கரம் சுற்றுகிறது. அது சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் தோள் கீழே இறங்கியது. அடியில் பாறை வெடித்தால் இப்படி ஆடுமாம், சின்னதாக இருந்து சக்கரமும் நிற்காமல் ஓடினால் யாரும் லட்சியம் செய்வதில்லையாம். ஆனால் நான்கு வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கத்தினது யாரு என்று கேட்கத்தான் வந்தார்கள்.

பாறை வெடித்தபோது அசையாத கட்டில்காரர் என் கூச்சலில் எழுந்துவிட்டார். சிவந்த கண்ணோடு என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவர், தட்டில் போட்டதை நின்றபடியே விழுங்கிவிட்டு, மூலையில் கிடந்த கால்பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஆளுக்கா நம் விமலா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. ஊதி முடிப்பதற்குள் லைன் முழுக்க ஒரே இரைச்சல் கிளம்பியது. ஆட்டுக்கல் ஓடுகிறது, உரலில் உலக்கை விழுகிறது, குழந்தைகளுக்கு அடி விழுகிறது, யார் வீட்டிலோ ரேடியோ அலறுகிறது. ராத்திரி ஷிப்ட்காரர்கள் எழுந்தாயிற்று, முதல் ஷிப்ட்காரர்கள் இன்னும் வீடு சேரவில்லை. யாரும் தூங்காத அந்த ஒரு மணி நேரத்துக்காக, நாள் முழுக்கச் சத்தத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காலையில் குழாயடியில் முறைத்துக்கொண்ட இரண்டு பெண்கள், இப்போது இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்தச் சண்டையை முதலிலிருந்து தொடங்கினார்கள். மூன்று மணிக்கு மறுபடி எல்லாம் அடங்கிவிட்டது. சண்டை முடியவில்லை, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இதையெல்லாம் ரசிக்கத்தான் தோன்றியது. ஆனால் வந்த காரியம் மாப்பிள்ளை. அன்று சாயங்காலமே மாமியாருக்கு ஒரு கார்டு எழுதினேன். பையன் முரடாகத் தெரிகிறார், வீட்டுக்கு வந்தவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் பந்து விளையாடப் போய்விட்டார், மற்றவை நேரில் என்று நாலு வரி. மறுநாள் காலை ஏழு மணிக்கு, மங்கம்மாவோடு கடைக்குப் போகும்போது அதைத் தபால் பெட்டியில் போட்டேன். பொறுப்பை ஒழுங்காகச் செய்துவிட்ட திருப்தி.

அந்தத் திருப்தி பத்து மணிவரை இருந்தது. பத்து மணிக்கு முன்னறையை எட்டிப் பார்த்தால் நாலு பாதங்கள். கட்டிலில் இரண்டு, தரைப் பாயில் இரண்டு. நேற்றுப் பார்த்த பித்தவெடிப்பு பாயில் இருந்தது. கட்டிலில் இருந்தவை வேறு கால்கள்.

நான் மங்கம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, கட்டிலில் யார் என்று கேட்டேன்.

“பெரியவன். டபுள் ஷிப்டு முடிச்சு ராவுல வந்தான் பாவம், நீ அசந்து தூங்கினே. இன்னிக்கி அவனுக்கு லீவு.”

“கீழே?”

“சின்னவன். நேத்து பாத்தியேம்மா.”

கட்டிலுக்கு அந்த வீட்டில் சொந்தக்காரர் கிடையாது. வேலை முடிந்து யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குக் கட்டில், அடுத்தவருக்குப் பாய். போர்வை எனக்காக வாங்கியதாம், விருந்தாளி வருகிறாரே என்று. தூங்குகிறவர் யார் என்று அங்கே யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. தூங்குகிறார்கள் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. நான் கேட்காததால் மங்கம்மா சொல்லவில்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் தபால் பெட்டிக்கு ஓடினேன். ஒருவர் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பையில் கொட்டிக்கொண்டிருந்தார். என் கார்டு மேலாகவே கிடந்தது, என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கெஞ்சிப் பார்த்தேன். நான் எழுதியதுதான், தப்பாக எழுதிவிட்டேன், ஒரு பெண்ணின் வாழ்க்கை என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகத்தான் பார்த்தார்.

“உள்ள போட்டுட்டா அது சர்க்காரோடதும்மா. மேல யாரு பேரு கீதோ அவங்கதான் வாங்கணும்” என்று பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் மாமியாரைத் தெரிந்தவர்களுக்கு என் கவலை புரியும். தங்கவயல் தூரம், பேசாமல் உள்ளூரிலேயே பார்க்கலாம் என்று முதலிலிருந்தே ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தவர். கார்டு கைக்குக் கிடைத்த அன்றே, ஜாதகம் பொருந்தவில்லை என்று அடுத்த கார்டு எழுதிவிடுவார். நாலு நாள் தங்க வந்தவள், கார்டை முந்திக்கொள்ள மறுநாளே கிளம்புவதென்று முடிவு செய்தேன். ஆனால் விமலாவின் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

மாணிக்கம் ஒரு மணிக்கு எழுந்தார். நெட்டையான ஆள், அப்பாவைப் போலவே சிரிப்பு. பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டு என்னிடம் வந்து, நேற்று வர முடியாமல் போனதற்கு வருத்தம் சொன்னார், எல்லாம் தணிந்த குரலில். ஆட்களை அடியில் இறக்கி ஏற்றும் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அந்தக் கேஜை இழுக்கும் எந்திரத்தை ஓட்டுவது அவர் வேலை. தூக்கம் கெட்டால் கை தடுமாறும், கை தடுமாறினால் கூண்டில் இருக்கிறவர்கள் கதி என்ன? அதனால்தான் இந்த ஊரில் தூங்குகிறவரை யாரும் எழுப்புவதில்லை என்றார்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். விமலாவும் ராத்திரி கண்விழிக்கிறவள், அவளும் பகலில் தூங்க வேண்டும், இந்த வீட்டில் முடியுமா என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“என்னைக் கேட்டா முடியும்னுதான் சொல்வேன். எனுக்கு ரசம் வெக்க வரும், சோறு வடிக்க வரும், களி கிண்ட மட்டும் வராது. அவங்க தூங்கற அன்னிக்கி நான் பாத்துக்குவேன். ஆனா அம்மாவைக் கேளுங்க. இந்த வூட்ல தூக்கத்துக்கு மேஸ்திரி அவங்கதான்.”

இரண்டு மணிச் சங்கு ஊதியதும் மங்கம்மா ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தார். நான் மாவைத் தள்ளிவிட எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் அவருடைய முழுக்குரலை அப்போதுதான் கேட்டேன். கணீரென்ற குரல். தெருக்கோடியில் இருப்பவரையும் கூப்பிடலாம். அந்தக் குரலை இருபத்தைந்து வருஷமாக நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துப் பயன்படுத்துகிறார். நீங்கள் எப்போது தூங்குவீர்கள் என்று கேட்டேன்.

“எனுக்கு இன்னா ஷிப்டு? அவுங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. எனுக்கு மூணும்” என்று சிரித்தார். ஒருவருக்குக் காலை நாலரைக்குச் சோறு, ஒருவருக்குப் பதினொன்றுக்கு, ஒருவருக்குச் சாயங்காலம். இடையில் சுவரில் சாய்ந்து கண்மூடினால் அதுதான் தூக்கம்.

விமலாவின் விஷயத்தைச் சொன்னேன். அவர் கை கல்லில் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது.

“உன்கிட்ட மறைப்பானேன். மருமவ வந்தா கொஞ்சம் கால நீட்டிப் படுக்கலாம்னு நெனச்சிகினு இருந்தேன். இப்ப நாலாவது ஆளு ஒண்ணு வந்து தூங்கப் போவுதுன்றே.”

அவர் மறுபடி ஆட்டத் தொடங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. தூங்காத ஒரு பெண்ணிடம் போய், தூங்க வேண்டிய இன்னொரு பெண்ணுக்காக மெதுவாகப் பேசச் சொல்ல நான் யார்? நியாயமெல்லாம் அவர் பக்கம் இருந்தது, ஆசையெல்லாம் விமலா பக்கம் இருந்தது. மாவில் உப்பு போட்டேனா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. மூன்று மணியாகிவிட்டதால் பேச்சும் அடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் என்னை ரயிலேற்ற மங்கம்மா சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வரை வந்தார். பேக்கரியில் சுடச்சுட ஆறு பன் வாங்கி என் பையில் திணித்தார், பிள்ளைகளுக்காம். வழி முழுக்க அவர் விமலா பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ரயில் வந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிளாட்பாரத்தில் யாரும் தூங்கவில்லை, அதனால் முழுக்குரலில் பேசினார்.

“ராவெல்லாம் யோசிச்சேம்மா. கேஜ் புடிக்கிற கைக்குத் தூக்கம் வேணும்னா ஊசி போடற கைக்கு வேணாமா? வந்து நல்லாத் தூங்கச் சொல்லு. அவ தூங்கறப்ப இந்த லைன்ல ஒரு ஈ கத்தாது, அதுக்கு நான் ஆச்சு.”

 ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இரு, எனுக்கும் ஒரு கண்டிசன் கீது. வாரத்துல ஒரு நாளு நானும் படுப்பேன். காலையில படுத்தா மத்தியானம்தான் எழுந்திருப்பேன். அன்னிக்கி அவுரு, பசங்க, உன் நாத்தனாரு எல்லாரும் எனுக்காக மெதுவாப் பேசணும். களி கெடைக்கலன்னு ஒருத்தரும் எழுப்பக் கூடாது. மாணிக்கங்கிட்ட சொல்லிட்டேன். சரின்னுட்டான்.”

ரயில் நகர்ந்தது. அவர் கையை ஆட்டிக்கொண்டு ஏதோ சொன்னபடியே பிளாட்பாரம் முடியும்வரை கூடவே நடந்தார். லேடீஸ் கம்பார்ட்மென்டில் எதிரில் இருந்த பெண், அவர் உங்க அம்மாவா என்று கேட்டாள். பெரியம்மா என்றேன். பன்னை எடுத்து அவளுக்கும் ஒன்று கொடுத்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் மாமியார். கார்டு ஏதாவது வந்ததா என்றேன், இல்லை என்றார். அவ்வளவுதான், எனக்குப் போன உயிர் வந்தது. விமலா டூட்டி முடிந்து வந்து படுத்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. “விமலா, எழுந்திருடி, அண்ணி வந்தாச்சு” என்று கூப்பிட மாமியார் வாயைத் திறந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, உதட்டில் விரலை வைத்து, பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நான் தணிந்த குரலில் பேசத் தொடங்கியதும் மாமியாரின் முகம் மாறிவிட்டது. “ஏன்டியம்மா ரகசியம் பேசறே? பையனுக்கு ஏதாவது குறையா?” என்று அவரும் ரகசியமாகக் கேட்டார். குறை ஒன்றுமில்லை, களி கிண்ட வராது, அவ்வளவுதான் என்றேன். முழுக்கதையையும் அதே குரலில் சொன்னேன். மங்கம்மாவின் கண்டிஷனைக் கேட்டதும் மாமியார் கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, தூரம்தான், ஆனாலும் பரவாயில்லை என்றார்.

அன்று நான் மாவாட்டவில்லை. பிள்ளைகளிடம் ஆளுக்கு இரண்டு பன்னைக் கொடுத்து வாயை அடைத்துக் கோயில் பக்கம் விரட்டினேன். கீரைக்காரி கூவுவதற்கு முன்பே தெருமுனைக்குப் போய், வேண்டாத கீரையை இரண்டு கட்டு வாங்கித் திருப்பி அனுப்பினேன். காது மந்தமான பக்கத்து வீட்டம்மாளிடம் நானே போய் அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். பன்னிரண்டு மணிக்கு வேலியோரம் காத்து நின்று, தபால்காரர் குரல் கொடுப்பதற்குள் கையை நீட்டினேன். என் கார்டை நானே வாங்கி, சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் விமலாவை எழுப்பவில்லை. எழுப்பப் போன கால்களை இரண்டு தடவை நானே அடக்கிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு அறைக் கதவு படாரென்று திறந்தது. தலைவிரிகோலமாக விமலா ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தாள், பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தன் அம்மாவைப் பார்த்தாள்.

“அண்ணி, யாருக்கு என்ன ஆச்சு? ஏன் வீடு இப்படிச் சத்தமே இல்லாம இருக்கு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீ தூங்கினே” என்றேன்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நம்பவில்லை போலும், கிட்டே போய்ப் பார்த்தாள்.  மூன்று வருஷமாக இந்த வீட்டில் அவளுக்கு நான் செய்த கொடுமை அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, தங்கவயலில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, உட்கார், மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன்.

“அப்புறம் சொல்லுங்க அண்ணி” என்றாள் விமலா. திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மறுபடி படுத்துவிட்டாள்.